துருவைச் சுரண்டுவதற்கு முன்னால்

பதிவு கொஞ்சம் நீளம். நைட் ஷிப்ட் போகிறவர்கள் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

நம் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேக வேலை நடப்பது பங்காளிகள் எல்லோருக்கும் தெரியும். சாமான் அறையைக் காலி செய்து, பழைய பொருள்களை வரிசையாக வைத்துக் குழுவில் படம் போட்டிருந்தார்கள். இரண்டு குத்துவிளக்கு, ஒரு கைமணி, ஒரு சேமக்கலம், ஒரு இரும்பு வேல், துணி சுற்றி வைத்திருந்த சின்ன வெண்கல அம்மன். வேல் செதில் செதிலாகத் துருப்பிடித்திருக்கிறது. மற்றதெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறது. "ஆசிட்ல முக்கி எடுத்தா புதுசாட்டம் ஆயிருமுங்க" என்று ஒரு தம்பி எழுதினார். "பாலிஷ் பட்டறையில குடுத்தா ஒரே நாள்ல பளபளன்னு வந்துரும்" என்று இன்னொருவர். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நான் மட்டும் "ஒரு வாரம் பொறுங்கள், எழுதுகிறேன்" என்று போட்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

துரு என்றதும் என்னிடம் படித்தவர்களுக்கு மூன்று சோதனைக் குழாய் ஞாபகம் வரும். ஒன்றில் சாதாரணத் தண்ணீரும் ஆணியும். இரண்டாவதில் கொதிக்க வைத்த தண்ணீர், மேலே எண்ணெய். மூன்றாவதில் ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு. முதல் குழாயில் மட்டும்தான் ஆணி துருப்பிடிக்கும். காற்றும் ஈரமும் சேர்ந்தால்தான் துரு. நம் ஊரில் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. செக்கடியில் இருந்து ஒரு டம்ளர் கடலை எண்ணெய் வாங்கி வந்து அந்தச் சோதனையைச் செய்வோம்.

அந்தச் சோதனை சொல்லாத ஒன்றை, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த யூலிக் எவான்ஸ் என்பவர் 1920-களில் ஒரே ஒரு சொட்டு உப்புத் தண்ணீரில் காட்டினார். சுத்தமாகத் தேய்த்த இரும்புத் தகட்டின் மேல் அந்தச் சொட்டை விட்டார். சொட்டுக்குள் இரண்டு ரசாயனம் கலந்திருந்தது. ஒன்று, இரும்பு கரைகிற இடத்தை நீலமாகக் காட்டும். இன்னொன்று நம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்கும் பினாப்தலின். காரம் உண்டாகிற இடத்தை இளஞ்சிவப்பாகக் காட்டும். கொஞ்ச நேரத்தில் சொட்டின் நடுவில் நீலம், ஓரத்தில் சுற்றிலும் இளஞ்சிவப்பு. ஓரத்தில் காற்று தாராளமாகக் கிடைக்கிறது, நடுவில் கிடைப்பதில்லை. காற்று கிடைக்காத இடத்தில்தான் இரும்பு கரைகிறது. இரண்டுக்கும் நடுவே தகட்டுக்குள் மின்சாரம் ஓடுகிறது. துருப்பிடிப்பது என்றால் ஒரு சின்ன பேட்டரி தன்னைத்தானே தின்று தீர்வது. வண்டியின் மட்கார்டில் சேறு ஒட்டிய இடத்துக்கு அடியில் ஓட்டை விழுவதும், போர்வெல் குழாய் மரை போட்ட இடுக்கில் முதலில் போவதும் இதனால்தான்.

மின்சாரம் ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால் அதை அளக்கலாம். உலோக அரிமானத்தைப் படிக்கிற நவீனக் கருவிகளில் பாதி அந்த மின்சாரத்தை அளப்பவை. மீதிப் பாதி, உண்டான துரு என்ன சாதி என்று விசாரிப்பவை. ஆமாம், துரு ஒன்றல்ல. வெறும் கண்ணுக்கு எல்லாம் செங்கல் நிறம்தான். ஆனால் இரும்பும் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்த துருவில் பல வகை. ஒரு வகை உலோகத்தை அரித்துக்கொண்டே போகும். இன்னொரு வகை போர்வை மாதிரி மூடிக் காப்பாற்றும். எது எது என்று தெரியாமல் சுரண்டினால் போர்வையையும் உருவிவிடுவோம்.

இதற்கு டெல்லி இரும்புத் தூண் நல்ல சாட்சி. குதுப்மினார் பக்கத்தில் நிற்கிறது. ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் அதிக உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, குப்தர் காலம், வயது சுமார் 1600. டூர் போகிற எல்லோரும் "துருவே பிடிக்காத தூண்" என்று படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். அது தவறு. துரு பிடித்திருக்கிறது. அந்தத் துருதான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

1912-ல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு என்ற ஆங்கிலேய உலோக அறிஞர் தூணின் சிறு மாதிரியைப் பகுத்துப் பார்த்து, பாஸ்பரஸ் 0.114 விழுக்காடு இருக்கிறது என்று சொன்னார். இன்றைய உருக்காலையில் இவ்வளவு பாஸ்பரஸ் இருந்தால் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரும்பு எளிதில் உடையும். நம் பழைய கொல்லர்கள் உருக்கும்போது சுண்ணாம்பு சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் பாஸ்பரஸ் கசடோடு போயிருக்கும். சேர்க்காததால் இரும்பிலேயே தங்கிவிட்டது. அதற்கும் தூண் நிலைப்பதற்கும் என்ன சம்பந்தம் என்பதை விளக்க இன்னும் தொண்ணூறு வருடம் ஆயிற்று.

விளக்கியவர் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம். 2000-ஆம் ஆண்டு வாக்கில் வந்த அவருடைய ஆய்வுகளில் தூணின் துருவை மூன்று விதமாக விசாரித்தார்கள். முதலாவது எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு. படிகத்தின் மேல் எக்ஸ் கதிர் பட்டால், அணுக்கள் அடுக்கியிருக்கும் இடைவெளிக்கு ஏற்ற கோணங்களில் சிதறும். ஒவ்வொரு பொருளுக்கும் கைரேகை போல ஒரு கோண வரிசை. இரண்டாவது அகச்சிவப்பு நிறமாலை. மூன்றாவது மோஸ்பாயர் முறை. இதைக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். எக்ஸ் கதிர் முறைக்குப் படிகம் வேண்டும். ஒழுங்கில்லாமல் குழம்பிக் கிடக்கிற துருவை அதனால் சரியாகப் பிடிக்க முடியாது. மோஸ்பாயர் முறை இரும்பு அணுவின் உட்கருவையே நேராகக் கேட்கும். கோபால்ட்டில் இருந்து வருகிற காமா கதிரை, அந்த மூலப்பொருளை நொடிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே மாதிரியின் மேல் விடுவார்கள். அதாவது எறும்பு நடைக்கும் குறைவான வேகம். எந்த வேகத்தில் இரும்பு அந்தக் கதிரை விழுங்குகிறது என்பதை வைத்து, அதன் அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். இதைக் கண்டுபிடித்த ருடால்ஃப் மோஸ்பாயருக்கு 1961-ல் நோபல் பரிசு.

விசாரணையில் தெரிந்தது இதுதான். முதலில் சாதாரணத் துரு வந்தது. இரும்பில் இருந்த பாஸ்பரஸ் துருவுக்கும் உலோகத்துக்கும் நடுவில் மெல்லச் சேர்ந்தது. அது ஒழுங்கற்ற நெருக்கமான துருப்படலம் ஒன்று உருவாகத் துணை செய்தது. பிறகு மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, மீண்டும் நனைந்து காய்ந்து, இரும்பு பாஸ்பேட் படிகமாக இறுகியது. காற்றையும் ஈரத்தையும் அது உள்ளே விடவில்லை. தூணுக்கு யாரும் மந்திரம் போடவில்லை. வேற்றுக்கிரகவாசியும் வரவில்லை (இதை அனுப்புகிற மாப்பிள்ளைகள் தயவு செய்து நிறுத்திக்கொள்ளவும்). மண்ணுக்குள் இருந்த அடிப்பகுதி அரித்துப் போயிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1961-ல் தொல்லியல் துறை தூணை எடுத்து, அடிப்பகுதிக்கு ஈயத்தகடு சுற்றித் திரும்ப நட்டது. மேலே நனைந்து காய வழி இருந்தது, கீழே ஈரத்திலேயே கிடந்தது. அதே இரும்பு, இரண்டு விதி. பாலசுப்ரமணியம் 2009-ல், ஐம்பது வயதுகூட ஆகாமல் காலமாகிவிட்டார். அவர் தூணைப் பற்றி எழுதிய புத்தகங்கள் இருக்கின்றன.

நம் வேல் டெல்லித் தூண் அல்ல. ஆனால் அதன் மேல் இருக்கிற கருப்பான, கெட்டியான, நகத்தால் பெயராத படலம் வேறு. தட்டினால் உதிர்கிற செம்மண் நிறப் பொடி வேறு. ஆசிட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போது பச்சைக்கு வருகிறேன். செம்பிலும் வெண்கலத்திலும் வருகிற இந்தப் பச்சைக்கு நம் மொழியில் களிம்பு என்று பெயர். சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்குத் தெரியும், ஆணவ மலம் உயிரோடு ஒட்டியிருப்பதற்குச் செம்பில் களிம்பைத்தான் உவமை சொல்வார்கள். பிறக்கும்போதே கூட இருப்பது என்ற பொருளில். நம் அப்பத்தாக்கள் பித்தளைப் போசியில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது, ஈயம் பூசித்தான் வைக்க வேண்டும் என்று சொன்னதும் இதே களிம்புக்குப் பயந்துதான்.

களிம்பிலும் நல்லது, கெட்டது உண்டு. மழுமழுவென்று, கரும்பச்சையாக, உலோகத்தோடு ஒட்டியிருந்தால் அது போர்வை. வெளிர்பச்சையாக, பவுடர் மாதிரி, அங்கங்கே புள்ளியாகக் கிளம்பி, துடைத்தாலும் சில நாளில் திரும்ப வந்தால் அது வியாதி. வெண்கல நோய் என்றே அதற்குப் பெயர். காரணம் குளோரைடு, அதாவது உப்பின் ஒரு பாதி. மண்ணில் இருக்கிற உப்பு வெண்கலத்துக்குள் இறங்கிச் செம்போடு சேர்ந்து, மெழுகு மாதிரி ஒரு பொருளாகப் பதுங்கிக்கொள்ளும். ஈரக்காற்று பட்டதும் அது பச்சைப் பொடியாக மாறி, கூடவே கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் உண்டாக்கும். அந்த அமிலம் புதிய செம்பைத் தின்று மறுபடி பழைய பொருளை உண்டாக்கும். மறுபடி ஈரம், மறுபடி அமிலம். இந்தச் சுழலை 1890-களிலேயே பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் பெர்த்தலோ விளக்கிவிட்டார். நம்மவர்கள் கழிவறை கழுவுகிற ஆசிட் இருக்கிறதே, அதுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். வியாதிக்குக் காரணமான குளோரைடையே பாட்டிலில் வாங்கி வந்து ஊற்றுவது எந்த ஊர் வைத்தியம்?

பக்கத்து வட்டாரத்தில் ஒரு கோயிலில் இப்படி ஆசிட் போட்டுப் பாலிஷ் செய்த விளக்குகளை நான் பார்த்திருக்கிறேன். கும்பாபிஷேகத்தன்று தங்கம் மாதிரி இருந்தன. அடுத்த ஆடி நோம்பிக்குப் போனபோது தண்டில் இருந்த கொடி வேலைப்பாடு முழுக்க வெளிர்பச்சைப் புள்ளி. விளக்கின் அடியில் ஏதோ எழுத்து வெட்டியிருந்ததாக அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார். இப்போது வழவழப்பாக இருக்கிறது, ஓர் எழுத்தும் இல்லை.

இந்த வியாதிக்கு இந்தியாவில் முறையாக வைத்தியம் செய்த இடங்களில் நம் சென்னையும் ஒன்று. எழும்பூர் மியூசியம் 1851-ல் தொடங்கியது. உலகமே பேசுகிற சோழர் காலச் செப்புத் திருமேனிகள் அங்கே இருக்கின்றன. அவற்றில் பல, அந்தக் காலத்தில் படையெடுப்புக்குப் பயந்து பூமிக்குள் புதைத்து வைத்து, பிற்காலத்தில் கிணறு வெட்டும்போதும் உழும்போதும் கிடைத்தவை. நூற்றுக்கணக்கான வருடம் மண் உப்பைக் குடித்தவை. அவற்றைக் காப்பாற்ற 1930-ல் மியூசியத்தில் வேதியியல் கூடம் ஒன்று அமைந்தது. அதில் பொறுப்பேற்றவர் எஸ். பரமசிவன். தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்கள் எந்த முறையில் தீட்டப்பட்டன என்று ஆராய்ந்தவரும் இவர்தான்.

அவர் கையாண்ட முறைகளில் முக்கியமானது மின்னாற்பகுப்பு. எவான்ஸின் சொட்டில் ஓடிய மின்சாரத்தைத் திருப்பி ஓட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்த்த காரக் கரைசலில் சிலையை எதிர்மின்வாயாகத் தொங்கவிட்டு, சுற்றிலும் இரும்புத் தகட்டை நேர்மின்வாயாக வைத்து, மெல்லிய மின்சாரத்தைச் செலுத்துவார்கள். குளோரைடு சிலையை விட்டு வெளியேறித் தகட்டை நோக்கிப் போகும். கரைசலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே வருகிற தண்ணீரில் குளோரைடு இருக்கிறதா என்று வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்ப்பார்கள். பால் மாதிரி கலங்கினால் இன்னும் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யக்கூடிய சோதனை அது. ஆனால் எவ்வளவு மின்சாரம், எத்தனை நாள், எந்தச் சிலை இதைத் தாங்கும் என்று முடிவு செய்வது பிள்ளை விளையாட்டல்ல. உள்ளே உலோகமே மிஞ்சாமல் களிம்பாகவே மாறிவிட்ட சிலையை இப்படி வைத்தால் மூக்கும் விரலும் உதிர்ந்துவிடும். அதனால் இன்றைக்கு வேறு மென்மையான முறைகளும் இருக்கின்றன. செம்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலம் போடுகிற பென்சோட்ரையசோல் என்ற மருந்து 1960-களின் கடைசியில் வந்தது.

1941-ல் பரமசிவன் வரலாற்றுக்கு முற்பட்ட ஒரு வெண்கலக் கிண்ணத்தை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். சர் சி.வி. ராமன் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்தின் இதழில் அது வந்தது. ராமன் பெயர் இங்கே வருவது தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. 1928 பிப்ரவரி 28-ல் அவர் கண்ட விளைவு இருக்கிறதே, அதுதான் இன்றைக்குத் துருவையும் களிம்பையும் இனம் பிரிக்கிற மிகச் சுலபமான வழிகளில் ஒன்று. லேசர் ஒளியைப் படவைத்தால் திரும்பி வருகிற ஒளியில் கொஞ்சம் நிறம் மாறி வரும். அந்த மாற்றம் ஒவ்வொரு பொருளுக்கும் வேறு வேறு. மாதிரி வெட்ட வேண்டாம், பொடி செய்ய வேண்டாம். கையில் தூக்கிப் போகிற கருவியே வந்துவிட்டது. பிப்ரவரி 28-ல் தேசிய அறிவியல் தினம் என்று வருடா வருடம் பேச்சுப்போட்டி வைத்தோமே, அந்த விளைவு இன்றைக்கு மியூசிய மேசைகளில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறது.

நகைக்கடையில் இப்போது தங்கத்தை உரைகல்லில் தேய்ப்பதில்லை, ஒரு பெட்டிக்குள் வைத்து மூடி இத்தனை காரட் என்று சீட்டுத் தருகிறார்கள், பார்த்திருப்பீர்கள். அது எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை. இதையும் சிலைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். அந்தக் கதிர் மேல்தோலை மட்டும்தான் பார்க்கும். பல நூறு வருடம் மண்ணில் கிடந்த வெண்கலத்தில் செம்பு கரைந்து போய், மேல்தோலில் வெள்ளீயம் அதிகமாகத் தங்கியிருக்கும். கருவி காட்டுகிற எண்ணை அப்படியே நம்பினால் வார்த்த ஸ்தபதியின் கணக்கு தப்பாகிவிடும்.

இதெல்லாம் படித்தவர்கள் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு என்று நினைக்கிறவர்களுக்காகப் பத்தூர் நடராஜர் கதையைச் சொல்கிறேன்.

தஞ்சை வட்டாரத்தில் பத்தூர் என்ற சிற்றூர். 1976-ல் ஒரு கூலித் தொழிலாளி தன் குடிசைக்குப் பக்கத்தில் மண்ணைத் தோண்டும்போது சாமி சிலைகள் கிடைத்தன. அதில் ஒரு நடராஜர் கை மாறி, நாடு விட்டு நாடு போய், 1982-ல் லண்டனில் ஒரு கனடா நிறுவனத்திடம் விலைபோனது. சிலை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தபோது லண்டன் போலீஸ் கைப்பற்றியது. வழக்கு நடந்தது. வாதிகளில் ஒருவர் சிவபெருமான். ஆமாம், பாழடைந்து கிடந்த பத்தூர்க் கோயிலின் லிங்கமே லண்டன் நீதிமன்றத்தில் வாதியாக நின்றது. எதிர்த்தரப்புக் கேள்வி எளிமையானது: இந்த நடராஜர்தான் பத்தூரில் கிடைத்தவர் என்பதற்கு என்ன ஆதாரம்? சோழ நாட்டில் நடராஜருக்கா பஞ்சம்?

சிலையின் பாணியைப் பற்றி டாக்டர் இரா. நாகசாமி சாட்சி சொன்னார். அதோடு வழக்கு முடியவில்லை. அதே ஊரில் கிடைத்த மற்றச் சிலைகளோடு ஒப்பிட்டு உலோகவியல் நிபுணர்கள் பேசினார்கள். சிலையில் ஒட்டியிருந்த மண்ணைப் பற்றி ஒரு விவாதம். கரையான் விட்டுப்போன தடங்களைப் பற்றி ஒரு விவாதம். லண்டன் நீதிமன்றத்தில் தஞ்சாவூர்க் கரையான் சாட்சிக்கு வந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் பெருமிதமும் சேர்ந்து வருகிறது. 1988-ல் தீர்ப்பு நம் பக்கம் வந்தது. மேல்முறையீட்டிலும் நிலைத்தது. 1991-ல் நடராஜர் ஊர் திரும்பினார். வாங்கினவர்களோ விற்றவர்களோ அவரை ஆசிட்டில் முக்கிப் பாலிஷ் போட்டு வைத்திருந்தால் மண்ணும் இல்லை, கரையானும் இல்லை.

இப்போது நம் அம்மன் சிலைக்கு வருவோம். சுற்றியிருக்கிற துணியைப் பிய்த்து எடுக்காதீர்கள் என்று தனியாகச் சொன்னேனே, அதற்கும் காரணம் உண்டு. பஞ்சும் நூலும் தறியுமாக வாழ்கிற நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் பருத்தி எவ்வளவு பழையது என்பதற்குக் கிடைத்த முக்கியமான முதல் சான்று மொகஞ்சதாரோவில் இருந்து வந்தது. 1920-களில் நடந்த அகழாய்வில் ஒரு வெள்ளிப் பாத்திரம் கிடைத்தது. அதில் ஒட்டியிருந்தது ஒரு துண்டுத் துணி. மண்ணில் நாலாயிரம் வருடத்துக்கு மேல் துணி எப்படி மட்காமல் இருக்கும்? வெள்ளியும் அதில் கலந்த செம்பும் அரித்தபோது வெளியான உப்புகள் நூலுக்குள் ஊறி, பூஞ்சையும் புழுவும் அண்டாமல் செய்துவிட்டன. உலோகம் தன்னைக் கரைத்து நூலைக் காப்பாற்றியிருக்கிறது. அந்தத் துணுக்கைப் பம்பாய் மாதுங்காவில் இருந்த பருத்தித் தொழில்நுட்ப ஆய்வகத்தில் குலாட்டி, டர்னர் என்ற இருவர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, இது பருத்திதான், அசல் இந்தியப் பருத்தி இனத்தைச் சேர்ந்தது என்று 1928-ல் எழுதினார்கள். அந்தப் பாத்திரத்தைக் கண்டெடுத்த தொழிலாளி புளி போட்டுத் துலக்கியிருந்தால் திருப்பூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பாதி வரலாறு சாக்கடைத் தண்ணீரில் போயிருக்கும்.

ஆகவே கோயில் குழுவுக்கு என் யோசனை இது. குத்துவிளக்கு இரண்டும் அன்றாடம் புழங்குகிற சாமான். களிம்பு மழுமழுவென்றுதான் இருக்கிறது. காய்ந்த மெல்லிய துணியால் துடைத்து எண்ணெய் ஊற்றி ஏற்றுங்கள், போதும். மணியின் உட்புறத்தில் வெளிர்பச்சைப் பொடி தெரிகிறது. அதைத் தனியாக எடுத்து, தண்ணீர் படாமல், காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள் (பனியன் பார்சலில் போடுகிறோமே, அதே பொட்டலம்). அம்மனையும் வேலையும் யாரும் தொட வேண்டாம். எல்லாவற்றையும் நாலு பக்கமும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். பிறகு தொல்லியல் துறைக்கோ எழும்பூர் மியூசிய வேதியியல் கூடத்துக்கோ எழுதிக் கேட்போம். கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். கும்பாபிஷேகத்துக்குப் பளபளப்பு வேண்டும் என்றால் புது விளக்கு ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளலாம். அதற்கு என் பங்கு ஐயாயிரம்.

சிலர் கேட்பீர்கள், துருவைப் படிக்கிற படிப்புக்கு நம் பக்கம் இடம் இருக்கிறதா என்று. காரைக்குடியில் இருக்கிறது, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். நாட்டின் பல ஊர்களில் இரும்பு, துத்தநாகம், அலுமினியத் தகடுகளை வெயிலிலும் மழையிலும் தொங்கவிட்டு, கால இடைவெளியில் எடுத்துத் துருவை நீக்கி எடை போட்டு, எந்த ஊர்க் காற்று எவ்வளவு தின்கிறது என்று கணக்கெடுத்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். மண்டபத்திலும் அவர்களுக்கு ஒரு கடலோரச் சோதனைக்கூடம் உண்டு. ராமேஸ்வரம் போகிறவர்கள் பாம்பன் பாலத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைத்தான் பார்ப்பார்கள். 1914-ல் திறந்த பழைய பாலம் உப்புக் காற்றில் நூறு வருடத்துக்கு மேல் நின்று, 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்தார்கள். புதுப் பாலத்தின் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத கம்பி, மேலே தனிப் பூச்சு. தகடு தொங்கவிட்டு எடை போட்டவர்களின் பொறுமையெல்லாம் இப்படித்தான் பாலமாகிறது.

கடைசியாக நம் வீட்டு வாசலுக்கு. நொய்யல் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே கொடுமணல். நம் ஊரில் இருந்து வண்டியில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்பார்கள். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும், பிறகு பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகமும், அண்மையில் மாநிலத் தொல்லியல் துறையும் தோண்டின. இரும்பு உருக்கிய உலை, உருக்கு செய்த மூசைகள், கல்மணிப் பட்டறை, நூல் நூற்ற சுடுமண் தக்களிகள் எல்லாம் ஒரே ஊரில். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னாலேயே இங்கே நூலும் உருக்கும் சேர்ந்து பிழைத்திருக்கின்றன.

இந்த மாதிரி இடங்களில் கிடைக்கிற இரும்பு, வாள் மாதிரியோ கோடாலி மாதிரியோ இருக்காது. துருக் கட்டி. மண்ணும் கல்லும் அதில் ஒட்டி உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தால் உள்ளே கத்தியின் உருவம் தெரியும், நம் எலும்பு தெரிகிற மாதிரி. சில நேரம் உள்ளே உலோகம் துளிகூட மிச்சம் இருக்காது, முழுக்கத் துரு. அப்போதும் ஒரு துணுக்கை அறுத்து, கண்ணாடி மாதிரி மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். உருக்கில் இரும்பும் கார்பனும் சேர்ந்த கடினமான மெல்லிய தகடுகள் இருக்கும். சுற்றியுள்ள இரும்பு துருவான பிறகும் அந்தத் தகடுகள் சில இடங்களில் கரையாமல் அதே வரிசையில் நிற்கும். உடம்பு போன பிறகும் கோலம் அப்படியே இருக்கிற மாதிரி. அந்தக் கோலத்தைப் பார்த்துத்தான் கொல்லன் இதில் எவ்வளவு கார்பன் ஏற்றினான், தண்ணீரில் தோய்த்தானா, மெல்ல ஆறவிட்டானா என்று எழுதுகிறார்கள். அது இருப்பது துருவுக்குள்.

2025 ஜனவரியில் தமிழக அரசு இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையை வெளியிட்டபோது குழுவில் எல்லோரும் பகிர்ந்தீர்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் காலக்கணக்கு கி.மு. நாலாம் ஆயிரத்தாண்டு வரை போகிறது. அறிஞர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒன்றைக் கவனித்தீர்களா? இரும்பு கிடந்த அதே அடுக்கின் கரி, பானை ஓடு, நெல் இவற்றை வைத்துத்தான் காலம் சொன்னார்கள். இரும்பைத் தனியாகப் பெயர்த்து எடுத்துக் கழுவி அலமாரியில் வைத்துவிட்டால், அதன் வயதைச் சொல்ல அக்கம்பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

காங்கேயம், சென்னிமலைப் பக்கம் தோட்டம் இருக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இதைப் படிக்கிறீர்கள். உழவு ஓட்டும்போது கலப்பையில் கனமான துருக்கட்டியோ, குமிழ் குமிழாகக் கருப்பாக உருகிய கசடோ, உட்புறம் கண்ணாடி மாதிரி உருகிய மூசை ஓடோ தட்டுப்பட்டால், கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, எத்தனை அடி ஆழம், எந்த வரப்பில் இருந்து எத்தனை எட்டு என்று குறித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள். கண்ணு சரியில்லை, படத்தைக் கொஞ்சம் பெரிதாக எடுத்து அனுப்புங்கள்.